நாலு பிள்ளைகளும் ஒரு தீர்மான நோட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழுப் பிரதிநிதி ஒருவர் பேசிய பேச்சு. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)

இடுப்பில் பிள்ளையோடு பந்தலுக்கு வெளியே நின்று ஆட்டிக்கொண்டே கேட்கிறவங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைக்கு நான் பேச வந்ததே உங்களுக்காகத்தான்.

"பிள்ளை வளர்ப்பு பத்தி நீ பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னபோது, "அதுக்குப் படிச்சவங்களைக் கூப்பிடுங்கக்கா"ன்னு சொன்னேன். "படிச்சவங்க வருஷா வருஷம் வந்து பேசிட்டுத்தான் போறாங்க. உனக்கு நாலு இருக்கே, நீ பேசு"ன்னுட்டாங்க. நாலு இருக்கிறதும் ஒரு படிப்புன்னு அன்றைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்தக் காலத்தில் நாலா என்று நீங்க நினைக்கிறது எனக்குக் கேட்குது. ரெண்டோட போதும்னுதான் இருந்தோம். மூணாவது எதிர்பாராமல் தங்கிடுச்சு. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "ஒண்ணு இல்லம்மா, ரெண்டு"ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. போன் போட்டு, "ரெண்டாம்"ன்னு சொன்னேன். "என்ன ரெண்டு? ரெண்டு மாசமா?"ன்னார். "மாசம் இல்லைங்க, பிள்ளை"ன்னேன். போன் கட்டாயிடுச்சு. சிக்னல் போயிடுச்சுன்னு இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கார்.

இப்போது பெரியவளுக்கு எட்டு வயசு. அடுத்தவனுக்கு ஆறு. சின்னவங்க ரெண்டு பேருக்கும் ரெண்டரை. வீட்டுக்காரர் சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியற்காலம் பஸ் ஏறுவார். வீட்டில் நான், எங்க மாமியார், குழுக் கடனில் வாங்கின ஒரு மாடு, இந்த நாலு பேர்.

எங்க வீட்டுக் காலை எப்படி இருக்கும்னு சொல்றேன். நாலரைக்கு எழுந்திரிப்பேன். விளக்கைப் போட மாட்டேன். பூனை மாதிரி நடப்பேன். ஏன்னா சின்னவங்க ரெண்டு பேரும் தனித்தனியாக எழுந்திரிக்க மாட்டாங்க. ஒருத்தன் கண்ணைத் திறந்தால் அடுத்தவன் மூக்கில் விரலை விட்டு எழுப்பிவிட்டுத்தான் மறுவேலை. பால் கறந்து ஆறரைக்குள் சொசைட்டியில் ஊத்தணும். ஒரு நாள் கேனைத் திறந்து ஊத்தும்போது உள்ளே ஏதோ 'டொப்'புன்னுச்சு. பார்த்தால் சின்னவன் செருப்பு. ஒரு கால் செருப்பு. சொசைட்டியில் பால் அளக்கிறவர் என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "பாலில் தண்ணி கலப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். செருப்பு கலந்து இப்பத்தாம்மா பார்க்கிறேன்"ன்னார். அன்றைய பால் மாட்டுத் தொட்டிக்குப் போச்சு. இன்னொரு கால் செருப்பு இன்றைக்கு வரைக்கும் கிடைக்கலை.

வீட்டுக்குத் திரும்பினால் டம்ளர் சண்டை. எங்க வீட்டில் நாலு டம்ளர். நாலும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கினது. ஒரே அளவு, ஒரே எடை. ஆனால் நாலு பேருக்கும் ஒரே டம்ளர்தான் வேணும். எந்த டம்ளர்னு கேட்டால், அடுத்தவன் கையில் இருக்கிற டம்ளர்.

ஒரு நாள் களி கிண்டக் கேழ்வரகு மாவை எடுத்து வைத்துவிட்டு விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் சின்னவங்க ரெண்டு பேரும் மாவை வாரி, தூங்கிக்கிட்டு இருந்த பாட்டி தலையில் கொட்டிட்டாங்க. எங்க அத்தைக்குத் தலை முழுக்க நரை. எழுந்து உட்கார்ந்தாங்க பாருங்க, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருந்தாங்க. "செலவில்லாமல் டை அடிச்சுட்டாங்க அத்தை"ன்னேன். அன்றைக்குப் பூரா என்னோடு பேசலை.

ஆறு வயசுக்காரன் கேள்வி கேட்கிற ஆள். எல்லாக் கேள்வியும் நான் அவசரமாக இருக்கும்போதுதான் வரும். "மாடு ஏம்மா அது பாலை அதே குடிக்க மாட்டேங்குது?" "நிலா பகல்ல வந்தா திட்டுவாங்களா?" ஒரு நாள் பேங்கில் வரிசையில் நிற்கும்போது சத்தமாகக் கேட்டான்: "அம்மா, நம்ம கடனைக் கட்டிட்டோமா, இல்லை இவங்ககிட்டயும் நாளைக்குன்னு சொல்லணுமா?"

பக்கத்து வீட்டு அக்கா பட்டுப்புழு வளர்க்கிறவங்க. நம்ம தர்மபுரிப் பக்கம் பட்டுக்கூடு வளர்க்கிற வீடு நிறைய உண்டு, உங்களுக்கே தெரியும். பொரிச்ச புழு கூடு கட்டுறதுக்குள்ளே நாலு தரம் தோல் உரிக்கும். ஒவ்வொரு தரமும் இலை தின்னாமல் அசையாமல் தூங்கும். அந்த நேரத்தில் வளர்க்கிறவங்களும் கொஞ்சம் உட்காரலாம். "உன் பிள்ளைங்களுக்கு அந்த நாலு தூக்கம்கூட கிடையாதேடி"ன்னு அந்த அக்கா சொல்லுவாங்க. அவங்களுடைய ஆயிரக்கணக்கான புழுவும் என்னுடைய நாலும் ஒரே நேரத்தில் பசின்னு சொன்னால், புழுதான் சத்தம் குறைவு.

நீங்க சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சுத்தான் சொல்றேன். இதில் சிரிக்க முடியாத ஒரு பங்கு இருக்கு. அதைச் சொல்லாமல் போனால் நான் பேசினதில் பாதிதான் உண்மை.

போன வருஷம் நடந்தது. சின்னவங்களுக்கு அப்போது ஒன்றரை வயசு. எங்க குழுக் கூட்டம் புதன்கிழமை காலை பதினொரு மணி. நான் பிரதிநிதி. தீர்மான நோட்டு எழுதுறது என் வேலை. ரெண்டு பேரையும் ரெண்டு இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போவேன். குழுவில் பதினாலு பேர். பதிமூணு பேர் கையெழுத்துப் போடுவாங்க. ஒருத்தர் கைநாட்டு. அவங்க எங்க நாத்தனார், வீட்டுக்காரருக்கு மூத்தவங்க, இதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கு. அவங்களுக்காக மை டப்பா திறந்து வைப்போம்.

அன்றைக்குக் கடன் விஷயமாகப் பேச்சு நீண்டுபோச்சு. நான் குனிஞ்சு கணக்கு எழுதிக்கிட்டு இருக்கேன். நிமிர்ந்து பார்த்தால் சின்னவன் மை டப்பாவுக்குள் கை முழுசாக விட்டுட்டான். பிடிக்கப் போனேன். அவன் நேராகத் தீர்மான நோட்டின் மேல் உட்கார்ந்து, பதினாலு பேர் பேருக்குக் கீழே அஞ்சு விரலையும் அழுத்தி வச்சுட்டான். அழகாக விழுந்திருந்தது. அடுத்த நாள் பேங்கிலிருந்து நோட்டுப் பார்க்க வந்தவர், "பதினஞ்சாவது உறுப்பினர் யாரும்மா? சேமிப்புத் தொகை எழுதலையே?"ன்னு கேட்டுச் சிரிச்சார். அவர் சிரிச்சது போதும்னு எனக்கு இருந்தது. ஆனால் குழுவில் ரெண்டு மூணு பேர் சிரிக்கலை. "கூட்டத்துக்கு வர்றவங்க கூட்டத்தைப் பார்க்கணும், பிள்ளையைப் பார்க்கணும்னா வீட்டில் இருக்கணும்"னு ஒரு பெரியம்மா சொல்லிட்டாங்க. யாரும் மறுத்துப் பேசலை. எனக்கு முகம் சுருங்கிப்போச்சு.

அடுத்த புதன்கிழமையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப் போறதை நிறுத்திட்டேன். அத்தைக்கு முழங்கால் வலி. ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாது. அப்போது யார் பார்த்துக்கிறது? ஏழு வயசு, ரெண்டாம் வகுப்பு படிக்கிற என் பெரியவள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் லீவு போடு கண்ணு, அம்மா ரெண்டு மணி நேரத்தில் வந்துடுறேன்"ன்னு சொன்னேன். ஒரு நாள்னு சொன்னது ஒவ்வொரு புதன்கிழமையும் ஆச்சு. கூட்டத்துக்குப் போகலைன்னா அபராதம் பத்து ரூபாய். அவள் பள்ளிக்கூடம் போகலைன்னா எந்த நோட்டிலும் அபராதம் எழுதுறதில்லை, பாருங்க.

ரெண்டு மாசம் கழிச்சுப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாங்க. "நல்லாப் படிக்கிற பொண்ணு. புதன்கிழமை மட்டும் வர்றதே இல்லை. ஏன்னு கேட்டால், 'புதன்கிழமை எனக்குக் கூட்டம் இருக்கு டீச்சர்'னு சொல்றா"ன்னாங்க. டீச்சரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சிரிப்பு வரலை.

அதுக்கப்புறமாவது நான் திருந்தினேன்னு சொல்ல ஆசைதான். திருந்தலை. அடுத்த புதன்கிழமையும் அவளை நிறுத்திவச்சேன். அன்றைக்கு மாட்டுக் கடன் தவணை விஷயம் பேசணும், நான் போகாமல் முடியாது. அத்தை கால் வலிக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. நான் திரும்பி வந்தபோது மத்தியானம் ஒன்றரை. திண்ணையில் பெரியவள் உட்கார்ந்திருக்கா. மடியில் ஒருத்தன், பக்கத்தில் ஒருத்தன். ரெண்டு பேரையும் கெட்டியாகப் பிடிச்சிருக்கா. சின்னவனுக்கு வேற துணி மாத்தியிருக்கு. அவள் பாவாடை நனைஞ்சு சொட்டுது. "என்ன கண்ணு?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லை"ன்னுட்டா.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னா. ஒருத்தன் அழுதான்னு உள்ளே தண்ணி எடுக்கப் போயிருக்கா. இன்னொருத்தன் மாட்டுத் தண்ணித் தொட்டியை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்துட்டான். இவள் வந்து காலைப் பிடிச்சு இழுத்திருக்கா. தொட்டியில் தண்ணி அவள் முழங்கால் அளவுகூட இல்லை. ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு அது போதும். சத்தமே வராது.

அதைச் சொல்லிட்டு அவள் என்ன கேட்டான்னு தெரியுமா? "அம்மா, திட்டாதே. ஒரு நிமிஷம்தான் பார்க்காம விட்டேன்"ன்னா.

நான் அவளைத் திட்டலை. எனக்குப் பேச்சே வரலை. விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அத்தையும் தூங்கலை, எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. எங்க அத்தைக்கு ஒரு பழக்கம். நான் சலிச்சுக்கிட்டால் போதும், "நான் எட்டுப் பெத்து வளர்த்தேன், நீ நாலுக்கே இப்படியா"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அன்றைக்கு ராத்திரி அதைச் சொல்லலை. வேற சொன்னாங்க. "எட்டையும் நான் எங்கம்மா வளர்த்தேன்? நான் களை எடுக்கப் போயிடுவேன். மூத்தவதான் வளர்த்தா. மூணாங்கிளாஸோட நிறுத்திட்டேன். கடைசிப் பையன் நடக்க ஆரம்பிச்சப்போ அவளுக்குக் கல்யாணம் பண்ணிட்டேன்"ன்னாங்க.

அந்த மூத்தவதான் எங்க நாத்தனார். எங்க குழுவில் கைநாட்டு வைக்கிறவங்க. அவங்க படிக்காதவங்கன்னு எத்தனையோ நாள் நான் மனசுக்குள் நினைச்சிருக்கேன். என் வீட்டுக்காரர் பத்தாவது வரைக்கும் படிச்சது அவங்க இடுப்பில் உட்கார்ந்துதான்னு அன்றைக்குத்தான் எனக்கு உறைச்சுது. வீட்டில் பிள்ளை அதிகமாக இருந்தால் அதுக்கு விலையை யாராவது ஒருத்தர் கொடுத்துத்தான் ஆகணும். அம்மா கொடுக்காத பாக்கியை மூத்த பெண் கொடுக்கிறா.

அடுத்த புதன்கிழமை நாலு பேரையும் கூட்டிக்கொண்டே கூட்டத்துக்குப் போனேன். "இன்னிக்கு முதல் பொருள் என்னுது"ன்னு சொல்லி, தொட்டியில் விழுந்ததிலிருந்து எல்லாத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் தெரிஞ்சது, இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லைன்னு. ஒருத்தர் பிள்ளையை வீட்டுக்குள் வச்சு வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டு வர்றாங்களாம். ஒருத்தர் தொட்டிலில் போட்டுப் புடவையால் கட்டிட்டு வர்றாங்களாம். இன்னொருத்தர் பெண்ணும் அடிக்கடி 'வயித்து வலி'ன்னு பள்ளிக்கூடத்துக்கு லீவு. எங்க பதினாலு பேரில் ஆறு வீட்டில் ஆறு வயசுக்குள் பிள்ளை இருக்கு. எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர்.

நான் கேட்டது இதுதான். பிள்ளைகளைக் கூட்டத்துக்குக் கொண்டு வரலாம். வாரத்துக்கு ரெண்டு பேர் முறை வச்சுப் பார்த்துக்கணும். பிள்ளை இல்லாதவங்களும் முறையில் வரணும்.

அந்தப் பெரியம்மா உடனே சொன்னாங்க: "என் பிள்ளைங்க வளர்ந்து கல்யாணமே ஆயிடுச்சு. நான் எதுக்கு இனிமேல் ஊரார் பிள்ளையைப் பார்க்கணும்? அவரவர் பிள்ளையை அவரவர் பார்த்துக்கணும்." அது தப்பான பேச்சு இல்லை. அவங்க காலத்தில் அவங்களுக்கும் யாரும் பார்க்கலை. எனக்குப் பதில் தெரியலை.

அப்போது எங்க நாத்தனார் பேசினாங்க. கூட்டத்தில் அவங்க வாயே திறக்க மாட்டாங்க. "அவரவர் பிள்ளையை அவரவர் பார்க்கணும்னா நான் எதுக்கு ஏழு பேரைப் பார்த்தேன்? அதில் ஒண்ணுகூட என் பிள்ளை இல்லையே"ன்னாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

நான் அப்போது இன்னொன்றும் சொன்னேன், உங்களிடமும் சொல்றேன். பிள்ளைக்குச் சோறு போடுறது அவரவர் வீட்டு வேலைன்னுதான் ஒரு காலத்தில் இருந்தது. 1982-ல் சத்துணவு வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கினாங்க. அடுத்த வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அதைச் சமைக்கிறது யார்? நம்மைப் போல குழுப் பெண்கள்தான். என் ஆறு வயசுக்காரன் நான் செஞ்ச உப்புமாவைத் தொட மாட்டான். பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிடுறானாம். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் காலையில் நாலு வாயில் ரெண்டு வாய் குறைஞ்சது எவ்வளவு பெரிய விஷயம்னு அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். சோறு போடுறதை ஊர் பகிர்ந்துக்கலாம்னா, ரெண்டு மணி நேரம் பிள்ளை பார்க்கிறதைப் பதினாலு பேர் பகிர்ந்துக்க முடியாதா?

அன்றைக்குத் தீர்மானம் எழுதினோம். நாங்க போட்ட விதிகளை அப்படியே சொல்றேன். வேணும்கிற குழு எடுத்துக்கலாம்.

ஒண்ணு. வாரத்துக்கு ரெண்டு பேர் பிள்ளை பார்ப்பாங்க. ஒருத்தருக்குத் தண்ணி தாகம், ஒருத்தருக்குப் போன் வரும். அதனால் ரெண்டு பேர்.

ரெண்டு. பார்க்கிறவங்க சேமிப்பையும் தவணையையும் முதலில் கட்டி, கையெழுத்தும் முதலில் போடுவாங்க. அவங்க கூட்டத்துக்கு வந்த கணக்கு. கடன் கேட்கணும்னா அவங்க பேச்சு முதல் பேச்சு.

மூணு. பிள்ளைகள் உட்காருகிற இடம் கூட்டம் நடக்கிற கண்ணுக்கெட்டின தூரத்தில் இருக்கணும். பக்கத்தில் தொட்டி, வாளி, அண்டா எது இருந்தாலும் கவிழ்த்து வைக்கணும், இல்லைன்னா மூடி வைக்கணும்.

நாலு. வேர்க்கடலை, புளியங்கொட்டை, காசு, பட்டன் இதெல்லாம் பிள்ளைங்க கைக்கு எட்டக் கூடாது. சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும். மண்ணெண்ணெய், பூச்சி மருந்தை யாரும் ஜூஸ் பாட்டிலில் ஊத்தி வைக்கக் கூடாது. இது கூட்டத்துக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும்தான்.

அஞ்சு. வரும்போது தலை எண்ணணும். போகும்போதும் எண்ணணும்.

ஆறு. எந்த வீட்டிலும் கூட்டத்துக்காகப் பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தக் கூடாது. ஆண் பிள்ளையையும்தான். ஆனால் எப்போதும் நிறுத்துறது பெண்ணைத்தான், அதனால் அதை முதலில் எழுதினோம்.

பதினாலு பேரும் ஒப்புக்கிட்டாங்க. எங்க நாத்தனார் கைநாட்டு வச்சாங்க. இந்தத் தடவை மை டப்பாவை உயரத்தில் வச்சோம்.

நடைமுறையில் எப்படி இருக்குன்னு கேட்பீங்க. முதல் வாரம் பெரிய ரகளை. ஒன்பது பிள்ளையில் ஏழு அழுதது. மிச்சம் ரெண்டும் ஏழையும் அழவச்சது. அந்த ரெண்டும் யார் வீட்டுப் பிள்ளைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுப்புச் சொன்ன பெரியம்மா இன்றைக்கும் முணுமுணுத்துக்கிட்டேதான் முறைக்கு வர்றாங்க. பிள்ளைகள் அவங்களுக்கு 'வெத்தலைப் பாட்டி'ன்னு பேர் வச்சுட்டாங்க. அவங்க எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க: "எத்தனை பிள்ளையை வேணும்னாலும் கொடு. உன்னுது ரெண்டையும் ஒண்ணாக் கொடுக்காதே."

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். கூட்டம் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். வேலை வாரம் முழுக்க. மாங்காய் சீசனிலும் தக்காளி அறுப்பிலும் கூலிக்குப் போகிற நம்ம பெண்களுக்குப் பிள்ளையை எங்கே விடுறதுன்னு இன்னும் வழி இல்லை. ரெண்டு வயசு ஆனால் பால்வாடியில் விடலாம். அதுக்கு முன்னாடி? பால்வாடி விட்டு வந்த பிறகு? அந்த நேரத்தை இன்றைக்கும் ஏதோ ஒரு வீட்டில் ஏழு வயசுப் பெண் பார்த்துக்கிட்டுதான் இருக்கா.

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஒரு விஷயம் எழுதியிருந்தாங்க. வேலை இடத்துக்குத் தாய்மாரோடு ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகள் அஞ்சு பேரோ, அதுக்கு மேலேயோ வந்தால், அவங்களைப் பார்த்துக்க ஒரு பெண்ணைப் போடணும். அவங்களுக்கும் கூலி உண்டு. அதாவது பிள்ளை பார்க்கிறதும் வேலைதான்னு சட்டமே ஒப்புக்கிட்டிருக்கு. நம்ம வீட்டில்தான் இன்னும் அதை வேலையாகக் கணக்கில் எழுதலை.

தமிழ்நாட்டில் மகளிர் குழு முதன்முதலில் தொடங்கினது 1989-ல், நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். வாரம் ஒரு கூட்டம், சேமிப்பு, உள் கடன், ஒழுங்கான தவணை, சரியான கணக்கு, இந்த அஞ்சையும் நாம் மனப்பாடமாகச் சொல்லுவோம். இதில் பிள்ளை எங்கே இருக்கும்னு ஒரு வரி கிடையாது. அந்த வரியையும் நம்ம மாவட்டத்துப் பெண்களே எழுதினால் என்ன?

அதனால் கூட்டமைப்பு முன்னால் ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் தன் கூட்டத்தில் பிள்ளை பார்க்கும் முறையைத் தீர்மானமாகப் போடணும். அடுத்தது, மாங்காய் சீசன் ரெண்டு மாசமாவது நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தில் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்க இடமும், பார்க்கிற பெண்ணுக்குச் சம்பளமும் ஏற்பாடு பண்ண முடியுமான்னு செயற்குழு பேசணும். எவ்வளவு செலவாகும், யார் கொடுக்கிறதுன்னு சண்டை போடுவோம். சண்டை போட்டாவது பேசுவோம்.

நேரம் ஆயிடுச்சுன்னு செயலாளர் அக்கா வாட்ச்சைக் காட்டுறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன்.

போன மாசம் லீவு நாளில் ஒரு புதன்கிழமை வந்தது. பெரியவளும் கூட்டத்துக்கு வந்தா. மரத்தடியில் வெத்தலைப் பாட்டி முறை. இவள் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கிட்டு இருந்தா. சின்னவன் விழுந்து 'ஓ'ன்னு அழுதான். எனக்குப் பழக்கதோஷம், கண்ணு நேராகப் பெரியவளிடம்தான் போச்சு. அவள் ஓடுவான்னு பார்த்தேன். ஒரு நொடி நின்னா. பாட்டி எழுந்து போறதைப் பார்த்தா. அப்புறம் கல்லை எறிஞ்சு, பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தைக் காலில் தாண்ட ஆரம்பிச்சா. திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் குனிஞ்சு தீர்மான நோட்டை எழுதினேன்.

பந்தலுக்கு வெளியே நிற்கிற அம்மாக்கள் உள்ளே வாங்க, இடம் இருக்கு.